துணை விளக்கும் ஒரிஜினல் சுவிட்சும்

ரிங்லெட்டில் தொடங்கித் தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜா வரையில் நீண்டு கிடக்கும் கேமரன் மலையில், சாலை என்பது பெரும்பாலும் ஒரு பக்கம் மண்சரிவும் மறுபக்கம் பள்ளமுமாகவே அமைந்திருக்கிறது. அதிலும் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் ஊடே குனோங் பிரிஞ்சாங் சிகரத்தை நோக்கி ஏறும் பாதையோ, எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் இருவரில் ஒருவர் பின்வாங்கி ஒதுங்கித்தான் தீரவேண்டும் என்னும்படி குறுகலானது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தோட்டத்தைத் தோற்றுவித்த நாளிலிருந்து இன்றுவரை, கொழுந்து மூட்டைகளையும் உர மூட்டைகளையும் ஆட்களையும் சுமந்துகொண்டு இந்த மலையின் செம்மண் தடங்களில் வண்டிகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பிற்பகல் மழை ஓய்ந்ததும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து செடி வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கும் வேளையில், வண்டியோடு வந்த முன்விளக்குகள் இரண்டும் போதாமற்போவதைத் தோட்டத்து டிரைவர் எவரிடமும் நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பிக்கப் வண்டிகளுக்குத் துணை விளக்கு பூட்டும் வழக்கம் இங்கே ஆடம்பரத்தினால் வந்ததன்று, அவசியத்தினால் வந்தது. ஆனால் பூட்டும் முறையில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள்.

எந்த விளக்கை எங்கே பூட்டுவது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கூரையின்மேல் நீளமாகப் படுத்திருக்கும் எல்.இ.டி. பட்டை விளக்கு பார்வைக்குக் கம்பீரமானதுதான். வானம் தெளிந்த இரவில் தோட்டத்துக்குள் தூரத்தைக் காட்டுவதற்கு அது உதவவும் செய்யும். ஆயினும் பனி இறங்கிய சாலையில் அதைப்போல் உபத்திரவமான வஸ்து வேறொன்றில்லை. டிரைவரின் கண்ணுக்கு நேர்முன்னே பாயும் அதன் ஒளி, காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டிவிடுகிறது. பனிக்கு உகந்தது பம்பருக்குக் கீழே, தரைக்கு அருகில், மேல்விளிம்பு தட்டையாக வெட்டப்பட்ட ஒளிக்கற்றையை அகலமாக வீசும் விளக்கேயாகும். மஞ்சள் கண்ணாடி பனியை ஊடுருவும் என்று கடைக்காரர்கள் சொல்லுவதைப் பொருட்படுத்த வேண்டா. மூடுபனித் துளி ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே விதமாகவே சிதறடிக்கும். மஞ்சள் ஒளி சிலருடைய கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்ற அளவில் அதைத் தேர்ந்துகொள்வதில் ஆட்சேபமில்லை.

இனி சுவிட்சுக்கு வருவோம். புதிதாக ஒரு சுவிட்சை வாங்கி டாஷ்போர்டில் துளையிட்டுப் பதிப்பதைவிட, வண்டியோடு வந்த சுவிட்சுகளில் ஒன்றையே துணை விளக்குக்கும் பயன்படுத்துவது பல விதத்தில் சௌகரியமானது. கை பழகிய இடத்தில் அது இருக்கிறது. இருட்டில் தடவித் தேட வேண்டியதில்லை. வண்டியை விற்கும்போது டாஷ்போர்டு காயமின்றி இருக்கும். அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பெனி தன்னுடைய சூப்பர் டியூட்டி பிக்கப் வண்டிகளில், வாங்குகிறவர் தமக்கு வேண்டிய உபகரணங்களை இணைத்துக்கொள்வதற்கென்றே, ரிலேயும் ஃபியூஸும் வயரும் சித்தமாக உள்ள காலி சுவிட்சுகளை வைத்து அனுப்புகிறது. நம் தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் முதலிய வண்டிகளில் பொதுவாக அத்தகைய வசதி கிடையாது. ஃபாக் லைட் சுவிட்ச் உண்டு, ஹை பீம் நெம்புகோல் உண்டு, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உபயோகமற்ற மூடி போட்ட இரண்டொரு காலி இடங்களும் உண்டு. இவற்றைக் கொண்டுதான் நாம் காரியத்தைச் சாதிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் விபரீதம் நேருகிறது. ஃபாக் லைட்டுக்குப் போகும் வயரின் தோலைச் சுரண்டி, அதிலேயே துணை விளக்கின் வயரையும் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால், விளக்கு எரியத்தான் செய்கிறது. அன்றைக்குக் கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்றுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் வேண்டும். ஜோடிக்கு 9 ஆம்பியருக்கு மேல். ஒரிஜினல் விளக்குகளுக்கென்று மட்டும் அளவெடுத்துப் போடப்பட்ட மெல்லிய வயரும், அதன் ஃபியூஸும், சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறு செப்புத் தகடும், தங்களுக்குரிய சுமையோடு இதையும் சேர்த்துச் சுமக்கவேண்டி வருகிறது. ஃபியூஸ் போய்விட்டால் அது அதிர்ஷ்டம். போகாமல் தாங்கிக்கொண்டால் சுவிட்ச் உள்ளுக்குள் கருகும். போய்விட்ட ஃபியூஸின் இடத்தில் பெரிய ஃபியூஸைச் செருகுவோரும் உண்டு. அவர்கள் வண்டிக்குத் தீ வைக்கும் காரியத்தைத் தவணை முறையில் செய்கிறவர்கள்.

வயர் சூடேறுவது ஒரு பக்கம் இருக்க, ஒளியும் குறைகிறது. அரை சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செப்பு வயர், மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 37 மில்லி ஓம் தடை தருவது. அத்தகைய வயரில் ஆறு மீட்டர் சுற்றி வளைத்து 10 ஆம்பியரைக் கொண்டுபோனால், வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் விரயமாகிவிடும். ஹாலஜன் விளக்கின் பிரகாசமோ மின்னழுத்தத்தைவிட மிக வேகமாக இறங்குவது. அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். ஆகவே மேலே சொன்ன இணைப்பில், விலை கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று அதிகமானதே சாலையில் விழும். விளக்கு மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலர் உண்மையில் வயரோடுதான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் ரிலே. பெரட்டுக்களத்தில் கங்காணி குரல் கொடுக்கிறார். கூடையைச் சுமப்பது அவருடைய தோளன்று. அவ்வாறே சுவிட்ச் ஆணையை மட்டும் கொடுக்கவேண்டும், சுமையை ரிலே ஏற்கவேண்டும். ரிலேக்குள் இருக்கும் மின்சுருளைக் கிளப்புவதற்குக் கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்சாரமே போதுமாகையால், ஒரிஜினல் சுவிட்ச் இந்தக் கூடுதல் வேலையை உணர்வதுகூட இல்லை. சாதாரண ரிலேயின் அடியில் நான்கு கால்கள் இருக்கும். அவற்றின் பக்கத்தில் 30, 85, 86, 87 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வழியாக வரும் கனத்த வயர்; 87-லிருந்து விளக்குக்குப் போகும் வயர்; 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் இரு முனைகள். சுருளில் மின்சாரம் பாயும்போது 30-ம் 87-ம் 'டக்'கென்று சேருகின்றன. ஐந்தாவதாக 87ஏ என்று ஒரு கால் இருந்தால், அது சுவிட்ச் அணைந்திருக்கும்போது உயிரோடு இருப்பது. அதை டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.

சுருளுக்கு வேண்டிய ஆணையை எங்கிருந்து எடுப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் முக்கியமான விஷயம். ஃபாக் லைட் சுவிட்சிலிருந்து எடுப்பது சுலபமானது. பனிக்காகப் பூட்டும் தாழ்ந்த விளக்குக்குப் பொருத்தமானதும் அதுவே. தூரம் பாயும் ஸ்பாட் லைட்டுக்கு ஹை பீமிலிருந்து எடுப்பதே உசிதம். ஏனெனில் எதிரே வண்டி வரும்போது நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் ஒருங்கே அணைந்துவிடும். ஆனால் ஹை பீம் விஷயத்தில் ஜப்பானிய வண்டிகள் ஒரு சூட்சுமத்தை ஒளித்துவைத்திருக்கின்றன. பழைய ஹைலக்ஸ் உட்படப் பல டொயோட்டா வண்டிகளில், மூன்று கால் பல்பின் பொதுக் காலுக்குப் பாசிட்டிவ் மின்சாரம் வந்து நிற்கும். நெம்புகோல் இணைப்பதும் துண்டிப்பதும் நெகட்டிவ் பக்கத்தையே. இதை அறியாமல் ஹை பீம் வயரை 86-இல் கொடுத்து, 85-ஐ பாடியில் எர்த் செய்துவிட்டால், லோ பீமில் ஸ்பாட் லைட் எரியும், ஹை பீம் போட்டவுடன் அணையும்! ஹை பீம் இழையின் வழியாகவே பாசிட்டிவ் கசிந்து வந்து சுருளைக் கிளப்புவதனால் நேரும் விநோதம் இது. பட்டறைக்காரர் ரிலே கெட்டுவிட்டது என்று சொல்லி மூன்று ரிலே மாற்றுவார். ரிலேயின்மேல் குற்றமே இல்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. இரு பக்கத்து முன்விளக்கு பல்புகளின் பின்புறத்திலுள்ள பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். ஒரு பல்ப் மாட்டியிருந்தாலும் அதன் இழை வழியாக வரும் மின்சாரம் உங்களை ஏமாற்றும். டெஸ்ட் லைட்டின் கிளிப்பைப் பாடியின் சுத்தமான உலோகத்தில் கவ்வி, ஹை பீமைப் போட்டு, அதன் கூர்முனையைப் பிளக்கின் மூன்று துளைகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். ஹை பீமில் எரிந்து லோ பீமில் அணையும் துளை ஒன்று இருந்தால், வண்டி பாசிட்டிவ் சுவிட்ச் முறையைச் சேர்ந்தது. அந்த வயரை 86-க்குக் கொடுத்து 85-ஐ எர்த் செய்தால் வேலை முடிந்தது. அவ்வாறன்றி, ஒரே துளை இரண்டு நிலையிலும் எரிந்துகொண்டிருந்து மற்ற இரண்டும் செத்துக் கிடந்தால், கிளிப்பைப் பேட்டரியின் பாசிட்டிவுக்கு மாற்றி மறுபடி பாருங்கள். இப்போது ஹை பீமில் மட்டும் எரியும் துளையே நமக்கு வேண்டிய நெகட்டிவ் ஆணை. எப்போதும் எரிந்த பொதுக் காலின் வயரை 86-க்கும், இந்த நெகட்டிவ் வயரை 85-க்கும் கொடுக்கவேண்டும். பாடிக்குப் போகும் எர்த் வயர் எதுவும் இந்தச் சுருளுக்குத் தேவையில்லை.

அண்மைக் கால மாடல்களில் இந்தப் பரீட்சையை டெஸ்ட் லைட்டால் செய்யாமல் மல்டிமீட்டரால் செய்வதே நல்லது. அவற்றில் விளக்குகளை இயக்குவது ஒரு மின்னணுப் பெட்டி. பழைய பாணி டெஸ்ட் லைட் இழுக்கும் மின்சாரமே அதற்குக் கேடு விளைவிக்கக்கூடும். அந்தப் பெட்டி பல்புக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைக் கண்காணித்துக்கொண்டும் இருக்கும்; துணை விளக்கை நேராக அதன் வயரில் மாட்டினால் தவறு நேர்ந்ததாக எண்ணி விளக்கையே அணைத்துவிடுவது உண்டு. சில வண்டிகளில் மின்சாரம் தொடர்ச்சியாக வராமல் துண்டு துண்டாக வருவதால் ரிலே பல்லைக் கடிப்பதுபோல் கடகடவென்று அடிக்கும். இத்தகைய வண்டியின் ஒரிஜினல் விளக்கு வயரைத் தொடாமல் விட்டுவிட்டு, காலி மூடியைக் கழற்றி, அந்தக் குழிக்கென்றே அளவாக வரும் அழுத்து சுவிட்சை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிப் போடுவதே என் அபிப்பிராயத்தில் புத்திசாலித்தனம். பார்வைக்கு அது ஒரிஜினலைப் போலவே இருக்கும். அதற்குரிய மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றின் மூலமாக எடுத்தால், விளக்கை அணைக்க மறந்து லயத்துக்குப் போய்விட்டாலும் விடியற்காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது. ஸ்டீயரிங் அருகே மஞ்சள் உறை போட்ட வயர்களும் மஞ்சள் பிளக்குகளும் கண்ணில் பட்டால் அவை ஏர் பேக்கைச் சேர்ந்தவை; அவற்றின் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது.

ஆணை கிடைத்துவிட்டது, இனிச் சுமைப் பாதை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் வயரில், ஒரு சாண் தூரத்துக்குள்ளாகவே ஃபியூஸ் இருக்கவேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்கேனும் உராய்ந்து பாடியில் பட்டால் அதைக் காப்பாற்ற உலகில் எதுவுமில்லை. 55 வாட் ஜோடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும், நீல நிறமுடைய 15 ஆம்பியர் ஃபியூஸும் போதும். இந்த வயர் மூன்று மீட்டர் நீளம் போனாலும் கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே இழக்கும். மஞ்சள் ஃபியூஸ் 20 ஆம்பியர், பச்சை 30. கையில் இருப்பது பச்சை என்பதற்காக அதைச் செருகிவிடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, விளக்கை அன்று.

ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பூட்டவேண்டும். மேல்நோக்கி இருந்தால் மழைநீர் உள்ளே தேங்கும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டைக் கடக்க, புதுத் துளை போடாமல், ஒரிஜினல் வயர்க்கட்டு போகும் ரப்பர் வளையத்திலேயே சிறிது இடம் செய்துகொள்ளுங்கள். துளையிட்டே தீரவேண்டுமானால் ரப்பர் வளையம் போடாமல் வயரை விடக் கூடாது. இந்த மலைப்பாதையின் அதிர்ச்சியில் தகட்டின் விளிம்பு ரம்பமாகவே மாறிவிடும். கிளட்ச் பெடலுக்கும் புகைக்குழாய்க்கும் எட்டாத வழியாகக் கொண்டுபோய், நெளிவுக் குழாய்க்குள் அடக்கிக் கட்டுங்கள்.

நம் தோட்டத்து வண்டிகளில் வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் எர்த்தில்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஓயாத ஈரமும், மூட்டையிலிருந்து கசியும் உரமும் செப்பையும் இரும்பையும் அரித்துவிடுகின்றன. அமோனியம் சேர்ந்த உரம் செப்புக்கு விசேஷமான சத்துரு. எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, வளையக் காலைப் பல்வெட்டு வாஷருடன் இறுக்கி, அதன்மேல் கிரீஸை அப்பிவிடுங்கள். விளக்கு பூட்டிய தாங்கியின் ஆணியையே எர்த்தாக நம்புவது சரியன்று. வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றுவதும் இந்த ஈரத்துக்கு உதவாது. நெருக்குக் கருவியால் காலை நெருக்கி, சூட்டில் சுருங்கும் உறையைப் போடவேண்டும்.

மற்றொரு சிறு பொருளையும் சொல்லவேண்டும். ரிலேச் சுருளின் மின்சாரம் துண்டிக்கப்படும் கணத்தில், அது நூறு வோல்ட்டையும் கடக்கக்கூடிய ஓர் எதிர் அதிர்வைக் கக்குகிறது. பழைய வண்டியில் அது சுவிட்சில் ஒரு பொறியாக முடிந்துபோகும். மின்னணுப் பெட்டி உள்ள வண்டியில் அதையே தாக்கும். சில காசு விலையுள்ள 1என்4007 டயோடு ஒன்றை 85-க்கும் 86-க்கும் குறுக்கே, வெள்ளிக்கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்குமாறு மாட்டினால் அந்த அபாயம் தீர்ந்தது. உள்ளேயே டயோடு வைத்த ரிலேயும் கிடைக்கும். அதில் மட்டும் 86-க்குத்தான் பாசிட்டிவ் போகவேண்டும், மாற்றிக் கொடுத்தால் டயோடு எரிந்துபோகும்.

காய்கறித் தோட்டங்களில் இன்றும் மூச்சிரைத்துக்கொண்டு ஓடும் பழைய லேண்ட் ரோவர்களை வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. 1967-ஆம் ஆண்டு வாக்கில் மாற்றப்படும்வரை அந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியில் இணைக்கப்பட்டிருந்தது. ஹாலஜன் விளக்குக்கு அது ஒரு பொருட்டன்று. எல்.இ.டி. விளக்கோ திசை பார்ப்பது. அதன் உலோகக் கூடு உள்ளே நெகட்டிவோடு சேர்ந்திருந்தால் தாங்கியில் பூட்டியவுடனே ஷார்ட் ஆகிவிடும். பூட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் கூட்டுக்கும் நெகட்டிவ் வயருக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்துவிட வேண்டும். அந்தப் பழைய லேண்ட் ரோவர்களின் லூகாஸ் டைனமோவோ 22 ஆம்பியர் அளவே தரவல்லது. முன்விளக்கும் வைப்பரும் ஓடும்போது 55 வாட் ஜோடியையும் சேர்த்தால் ஏற்றத்தில் மெதுவாகப் போகையில் பேட்டரி வடிந்துகொண்டே வரும். அங்கே சிறிய எல்.இ.டி. விளக்குகளே ஏற்றவை.

பின்பக்கத்துக்கு வேலை விளக்கு போட விரும்புவோர் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து ஆணை எடுத்து, இதே முறையைப் பின்பற்றலாம். சொல்லுவதற்கு வேறு விசேஷமில்லை.

தோட்டத்தின் தனிப்பாதையில் எதை எரித்தாலும் கேட்பாரில்லை. பொதுச் சாலை அப்படியன்று. வண்டியில் என்ன விளக்கு, எத்தனை, எங்கே இருக்கலாம் என்பதற்கு 1959-ஆம் ஆண்டிலிருந்தே மோட்டார் வாகன விதிகள் இருக்கின்றன. கண்ணைக் கூசச் செய்யும் கூடுதல் விளக்குகளுக்காக, ஜே.பி.ஜே. என்னும் மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அதிகாரிகள் வண்டியை நிறுத்துவதும் அபராதம் விதிப்பதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பூட்டுவதற்கு முன் அவர்களுடைய அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்வது உத்தமம். தானா ராத்தா சாலைக்கு இறங்கும் வண்டியில் கூரை விளக்குக்கு உறை போட்டு மூடிவிட வேண்டும்.

வேலை முடிந்த அன்றே, எந்த சுவிட்ச், எந்த நிற வயர், ரிலே எங்கே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பவற்றை ஒரு தாளில் படமாக வரைந்து, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமற்போகலாம்.